நம்பத்தக்க கடிதம் எது?

2015ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியிலே, பங்களாதேஷ் நாட்டின் மத்திய வங்கியிற் கடமையாற்றிய உத்தியோகத்தர் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலை தேடும் ஒருவர் விடுத்த விண்ணப்பமாகவே அது தோன்றிற்று. அவ்வங்கியிற் பணிபுரியத் தமக்குள்ள ஆவலைப் பணிவாகத் தெரிவித்து, தம்முடைய கல்வித் தகைமை, அனுபவம் முதலியவற்றை இன்ன இடத்திற் பார்வையிடலாம் என்று கூறி, ஓர் இணைய முகவரியையும் அவர் தந்திருந்தார். அச்சுறுத்தல் இல்லை. பரிசு விழுந்துள்ளது என்ற ஆசைகாட்டலும் இல்லை. எந்தக் காரியாலயத்துக்கும் வாரந்தோறும் வந்து சேரும் கடிதங்களுள் அதுவும் ஒன்றெனவே கொள்ளலாம். வங்கியின் கணினிகள் சில அம்முகவரியை நாடி, ஆங்கே வைக்கப்பட்டிருந்த கோப்பினைப் பெற முயன்ற செய்தியை, 2018ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நீதித் திணைக்களம் வெளியிட்ட ஆவணம் எடுத்துரைக்கின்றது. விண்ணப்பித்ததாகத் தோன்றிய அந்த மனிதர் கற்பனைப் பெயர் தாங்கிய முகமூடியே.

திருடர் அவசரப்படவில்லை. வங்கியின் கணினிகளுள்ளே மறைந்திருந்து அதன் நடைமுறைகளைக் கற்றனர். 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆந் திகதி இரவு, நியூயோர்க் நகரத்து மத்திய ஒதுக்கு வங்கியிலே பங்களாதேஷ் வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்புமாறு, ஏறத்தாழ 95 கோடி டொலர் பெறுமதியான 35 கட்டளைகள் அவ்வங்கியின் பெயராலேயே பிறந்தன. அவற்றுட் பெரும்பாலானவை தடைப்பட்டன. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டை அடைந்தது. அதன் பெரும்பகுதி சூதாட்ட மண்டபங்களின் வழியே மறைந்துபோயிற்று. 2 கோடி டொலர் நம் இலங்கையிலுள்ள ஒரு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. இந்தத் தொகை தப்பியது எங்ஙனம்? அந்நிறுவனத்தின் பெயரிலே 'ஃபவுண்டேஷன்' என வரவேண்டிய ஆங்கிலச் சொல் 'ஃபண்டேஷன்' என்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடையில் நின்ற ஜேர்மன் வங்கியொன்று அப்பிழையைக் கண்டு விளக்கம் கேட்டது. கொழும்பிலுள்ள வங்கியும், இத்துணைப் பெருந்தொகை இந்நாட்டுக்கு இவ்வாறு வருவது வழக்கமன்றே என ஐயுற்று வினாவியது. பணம் திரும்பிச் சென்றது.

ஓர் எழுத்துப்பிழை கள்வரைக் காட்டிக்கொடுத்த கதை உலகெங்கும் பரவிற்று. கேட்டவர் மகிழ்ந்தனர். பிழை திருத்துவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஆசிரியர்களாகிய நாம் சற்றுக் கூடுதலாகவே மகிழ்ந்திருத்தல் கூடும். ஆயினும், கதவைத் திறந்துவிட்ட அந்த முதற் கடிதத்தைப் பற்றி எவரும் அத்துணை பேசவில்லை. பேசிச் சிரிப்பதற்கு அதனிடத்து ஒன்றுமில்லை. கடிதமொன்று நம்மை ஏமாற்ற வல்லதா, அன்றா என்பதை நாம் எதனைக்கொண்டு அளந்து வருகின்றோம்? எதனைக்கொண்டு அளத்தல் வேண்டும்? நேயர்களே, இவ்வினாக்களையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

இத்தகைய வஞ்சக மின்னஞ்சல் விடுப்பதை ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என வழங்குவர். 1990களின் நடுப்பகுதியிலே, 'அமெரிக்கா ஒன்லைன்' என்ற இணையச் சேவையின் வாடிக்கையாளரிடமிருந்து கடவுச்சொற்களைக் கவர்ந்தவர்களிடையே பிறந்த சொல் அது. ஒலியளவில் மீன்பிடித்தலையே அது குறிக்கும். முதலெழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டனர். நாம் இவற்றைத் தூண்டிற் கடிதம் என்போம்.

மின்னஞ்சலிலே காணப்படும் அனுப்புநர் பெயர், கடித உறையின் பின்புறத்தில் எழுதப்படும் பெயர் போன்றதாகும். அந்தப் பெயருக்குரியவர்தாம் கடிதத்தைப் பெட்டியில் இட்டாரா என்று தபாற் கந்தோர் சோதிப்பதில்லை. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் விதிகள் 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டபோது இணையத்தைப் பயன்படுத்தியோர் மிகச் சிலர். ஒருவரையொருவர் ஐயுறும் தேவை அவர்களுக்கு நேரவில்லை. பிற்காலத்தில், அனுப்பும் இடத்தைச் சோதிக்கும் முறைகள் சேர்க்கப்பட்டுள்ளன என்பது உண்மையே. ஆனால், வஞ்சகன் தன் பெயரிலேயே ஒரு முகவரியைப் பதிவுசெய்து அதிலிருந்து எழுதுவானாயின், அச்சோதனையில் அவன் எளிதாகவே தேறிவிடுவான். முகவரி யாருடையது என்பதை அச்சோதனை கூறும். அவனது எண்ணம் யாது என்பதை அது கூறாது.

எம் வித்தியாலயத்து உயர்தர வகுப்பு மாணவருக்கு இத்தகைய கடிதங்கள் சிலவற்றைப் படித்துக் காட்டியதுண்டு. இறந்துபோன செல்வர் ஒருவரின் விதவை, முன்பின் அறியாத நமக்குத் தம் செல்வத்திற் பாதியைத் தர விழைகின்றார் என்ற கடிதத்தைக் கேட்டு வகுப்பே நகைத்தது. அடுத்து, "தங்கள் பெயருக்கு வந்துள்ள பொதியைச் சேர்ப்பிக்க முகவரி போதவில்லை, கீழ்க்காணும் இடத்தில் முகவரியைத் திருத்திச் சிறு கட்டணத்தைச் செலுத்துக" என்ற கடிதத்தைப் படித்தேன். சிரிப்பு அடங்கிற்று. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இது உண்மையாகவும் வரலாந்தானே?" என்று கேட்டாள். நம் அஞ்சல் திணைக்களத்தின் பெயராலேயே இத்தகைய செய்திகள் உலவியதையும், அவற்றை நம்பவேண்டாம் எனத் திணைக்களம் பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்ததையும் அவள் அறிந்திருக்கவில்லை. எனினும், அவள் கேட்ட கேள்வி இப்பொருளின் நடுவிடத்தைத் தொட்டது. உண்மையாகவும் வரக்கூடிய கடிதமே பொய்யாக வரும்போது வலிமை மிக்கதாகின்றது.

பொதுவாக நாம் கடிதத்தின் முகத்தைப் பார்த்தே தீர்ப்புக் கூறுகின்றோம். எழுத்துப்பிழை உண்டா, நிறுவனத்தின் இலச்சினை உரிய இடத்தில் உள்ளதா, நடை மரியாதையானதா என்பவற்றை நோக்குகின்றோம். இவை எல்லாம் எழுதுபவன் கைக்குள் அடங்கியவை என்பதை மறந்துவிடுகின்றோம். றப்பர் முத்திரையைக் கடையிற் செய்விக்கலாம் என்பதை அறிந்தவர்களும், திரையிலே தோன்றும் இலச்சினைக்குத் தலைவணங்குகின்றனர்.

2006ஆம் ஆண்டில், டமீஜா, டைகர், ஹெர்ஸ்ட் என்னும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், 22 பேரை அமர்த்தி, 20 இணையத் தளங்களைக் காட்டி, மெய்யானவை எவை, போலியானவை எவை எனத் தெரியுமாறு கேட்டனர். தூண்டிற் கடிதத்தின் வாயிலாக நாம் சென்று சேரும் இடம் இத்தகைய தளமே ஆதலின், இச்சோதனை நம் பொருளுக்கு மிக நெருங்கியதாகும். பங்குபற்றியோரில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர், தளத்தின் முகவரி எழுதப்பட்டிருந்த இடத்தை நோக்கவேயில்லை. பக்கத்தின் உள்ளே இருந்த படங்களையும் வாசகத்தையும் கண்டே தீர்மானித்தனர். மிகச் சிறந்த போலித்தளம் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை ஏமாற்றியது. அது ஓர் அமெரிக்க வங்கியின் தளம் போன்றது. வங்கியின் பெயரிலே வரும் 'டபிள்யூ' என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாக, இரண்டு 'வி' எழுத்துக்களை நெருக்கி எழுதியிருந்தனர், அவ்வளவே. நம் பழைய ஏட்டுச் சுவடிகளிலே ரகரமும் துணைக்காலும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையால், பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை இலக்கியம் பயின்ற நேயர்கள் அறிவார்கள். அவர்கள் அவ்வெழுத்தை இன்னதெனத் துணிந்தது இடம் நோக்கியும் பொருள் நோக்கியுமாம். எழுத்தின் வடிவை மட்டும் உற்று நோக்குவது அங்கும் போதவில்லை.

எனில், அந்த விதவையின் கடிதம் போன்ற நகைப்புக்கிடமான கடிதங்களை ஏன் இன்னும் அனுப்புகின்றனர்? அனுப்புபவர் அறிவிலிகளா? மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் கோர்மக் ஹேர்லி 2012ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அரிய விடை கூறினார். கடிதம் அனுப்பச் செலவில்லை. பதில் எழுதுபவரோடு வாரக்கணக்கிற் பேசிப் பணம் கறப்பதற்கே செலவும் உழைப்பும் வேண்டும். பாதிவழியில் விழித்துக்கொள்பவர் வஞ்சகனுக்கு நட்டம். ஆகவே, ஐயப்படும் இயல்புடையோர் முதல் வரியிலேயே சிரித்து விலகிவிடுவது அவனுக்கு ஊதியமாகின்றது. நம்பமுடியாத கதையையும் நம்பக்கூடியவர் மட்டுமே சல்லடையிற் கீழே விழுவர். இந்த விளக்கத்தை நான் விரும்பி எடுத்துக்கூறுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. மூடத்தனமான கடிதத்தைப் பார்த்துச் சிரித்தவர், 'தூண்டிற் கடிதம் என்றால் இத்தகையதே. இதை நான் கண்டுகொள்வேன்' என்ற துணிவோடு எழுகின்றார். அக்கடிதம் அவருக்காக எழுதப்பட்டதன்று. அவருக்கென எழுதப்பட்டது வேறொரு நாள், வேறொரு முகத்தோடு வரும்.

மேலும், பிழை நோக்கும் முறை நாளுக்கு நாள் தேய்ந்து வருகின்றது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலே 'சட் ஜிபிடி' என்னும் உரை எழுதும் இயந்திரம் பொதுமக்கள் கைக்கு வந்தபின், எம்மொழி பேசுபவனும் பிழையற்ற ஆங்கிலத்தில் ஒரு வங்கி முகாமையாளரின் நடையை வரவழைத்துக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறாக, உண்மையான சுற்றுநிருபங்களிலே நான் காணும் பிழைகளைச் சிவப்பு மையினாற் குறித்தால் தாள் முழுதும் சிவந்துவிடும். பிழையைக்கொண்டு பொய்யைத் தெரிவதாயின், நம் அலுவலகங்களில் மெய்க்கடிதங்களே முதலில் ஒதுக்கப்படும்!

முகத்தை விட்டு, இனி வேறொன்றை நோக்குவோம். பெரியபுராணத்திலே மெய்ப்பொருள் நாயனார் சரிதையை நேயர்கள் அறிவார்கள். போர்க்களத்தில் அவரை வெல்ல இயலாத முத்தநாதன், திருநீறணிந்து, சடைமுடி புனைந்து, ஏட்டுக்கட்டினுள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அரண்மனை புகுந்தான். பெறுதற்கரிய ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்துள்ளதாகக் கூறினான். வாயில்கள் அவனுக்குத் திறந்தன. மெய்காவலனாகிய தத்தன் இது வேளையன்று என உணர்த்தியும் அவன் நிற்கவில்லை. பக்திச் சிறப்பை உணர்த்தும் இச்சரிதையை வஞ்சத்தின் கண்கொண்டு நோக்குவது அதன் நோக்கமன்று. எனினும் ஆசிரியர் அவ்வேடத்தை அமைத்த நுட்பத்தைக் கவனியுங்கள். பொன் வணிகனாகவோ படைத்தலைவனாகவோ முத்தநாதன் வந்திருந்தால் வாயிலிலேயே நிறுத்தப்பட்டிருப்பான். அந்த அரசர் எதனை மறுக்கமாட்டாரோ, அதன் வடிவிலே அவன் வந்தான். வேடம் அணிந்தவன் அவனே. ஆயினும் அவ்வேடத்துக்கு அளவெடுத்தது அரசருடைய உள்ளத்திலிருந்து.

இந்த உண்மையையே, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்பவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அளவுகோலாக அமைத்துள்ளனர். தங்கள் நிறுவனத்தில் பயிற்சிக்கென அனுப்பப்பட்ட தூண்டிற் கடிதங்களை ஆராய்ந்த அவர்கள், அதே நிறுவனத்தில் அதே பயிற்சி பெற்றவர்கள் ஒரு கடிதத்துக்கு அகப்படாது மற்றொன்றுக்கு அகப்பட்டமையைக் கண்டனர். 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, கடிதத்தின் பொருள் எவருடைய அன்றாடக் கடமையோடு ஒட்டி வந்ததோ அவரே அதனை நம்பினர் என்று கூறினர். விலைப்பட்டியல்களைக் கையாளும் ஒருவருக்கு, செலுத்தப்படாத விலைப்பட்டியல் பற்றிய கடிதம் இயல்பான கடிதமே. அதே கடிதம் ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு விந்தையாகத் தோன்றும். இன்னொன்றையும் அவர்கள் கண்டனர். இணைப்பை அழுத்தியவர்கள், 'அழுத்தாவிடில் என்ன ஆகுமோ, கடமை தவறியவராவோமோ' என்று கவலைப்பட்டவர்கள். அழுத்தாதவர்கள், 'அழுத்தினால் என்ன ஆகுமோ' என்று கவலைப்பட்டவர்கள். இதிலிருந்து நான் உணர்வது, அகப்படுபவர் சோம்பேறியோ அசட்டையானவரோ அல்லர் என்பதாம். பெரும்பாலும், கடிதங்களுக்கு உடனுக்குடன் பதில் எழுதும் நல்ல ஊழியரே அகப்படுகின்றார்.

2020ஆம் ஆண்டில் அவ்வாய்வாளர்கள் வகுத்த அளவுகோல் இரு கூறுகளை உடையது. கடிதத்திலே காணத்தக்க பொய்க்குறிகள் எத்தனை என்பது ஒரு கூறு. எழுத்துப்பிழை, பொருந்தா முகவரி, அவசரப்படுத்தல் முதலியன அதில் அடங்கும். கடிதம் கூறும் கதை, பெறுபவரின் தொழிலோடும் காலத்தோடும் எவ்வளவு பொருந்துகின்றது என்பது மற்றையது. குறிகள் குறைந்தும் பொருத்தம் மிகுந்தும் உள்ள கடிதமே கண்டறிதற்கு மிகக் கடினமானது. பங்களாதேஷ் வங்கிக்குச் சென்ற விண்ணப்பத்தை இக்கோலால் அளந்து பாருங்கள். ஊழியரை அமர்த்தும் நிறுவனத்துக்கு விண்ணப்பம் வருவதைவிடப் பொருத்தமானது வேறு யாது?

பொருத்தத்தின் வலிமைக்கு வேறு இரு சான்றுகளும் உண்டு. 2004ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியிலே, 500க்கு மேற்பட்ட பயிலுநருக்குக் கேணல் ஒருவரின் பெயரால் ஒரு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. அவர்களது பெறுபேற்று அறிக்கையிலே சிக்கல் உள்ளது என்றும், குறித்த இணைப்பை அழுத்திச் சரிபார்க்குமாறும் அது பணித்தது. அப்பெயருடைய கேணல் எவரும் கல்லூரியில் இல்லை. நூற்றுக்கு எண்பதின்மர் அளவில் அழுத்தினர். மேலதிகாரியின் சொல்லை வினாவின்றி நிறைவேற்றுமாறு இரவும் பகலும் பயிற்றப்படுபவர்கள் அவர்கள். அந்தப் பயிற்சியே தூண்டிலின் இரையாயிற்று.

மற்றையது இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டு நடந்தது. மாணவரின் நண்பர்கள் யாவர் என்பதை இணையத்திலே வெளிப்படையாகக் கிடந்த தகவல்களிலிருந்து திரட்டி, நண்பர் பெயரால் ஒரு கூட்டத்தாருக்கும், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிமுகமில்லா ஒருவர் பெயரால் இன்னொரு கூட்டத்தாருக்கும் கடிதம் விடுத்தனர். அறிமுகமில்லாதவரை நம்பித் தம் கடவுச்சொல்லை எழுதியவர் நூற்றுக்கு 16 பேர். நண்பரை நம்பி எழுதியவர் 72 பேர். கூட்டியது நண்பரின் பெயர் ஒன்றே.

இவற்றைக் கேட்டபின், 'எக்கடிதத்தையும் நம்பாதொழிவதே வழி' என ஒருவர் கூறலாம். அவ்வாறு வாழ இயலாது. மனிதர் பேச்சிற் பொய்யைக் கண்டறியும் திறனை ஆராய்ந்த 200க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, 2006ஆம் ஆண்டில் பொண்ட், டிபோலோ என்னும் இருவர் வெளியிட்ட முடிவின்படி, நம் தீர்ப்புச் சரியாவது நூற்றுக்கு 54 தடவையே. காசைச் சுண்டிப் பார்த்தாலும் 50 தடவை சரியாகும். உண்மையென எடுத்துக்கொள்வதே நம் இயல்பு. மிகுதியான பேச்சு உண்மையாகவே இருப்பதால் அவ்வியல்பு நமக்கு நன்மையே செய்து வந்திருக்கின்றது. அலுவலகத்துக்கு வரும் கடிதங்களுட் பெரும்பாலானவை மெய்யானவை. அனைத்தையும் ஐயுறும் இலிகிதர் ஒருவர் வாய்த்தால், ஆசிரியருக்குச் சம்பளம் உரிய நாளிற் கிடையாது.

இரண்டாம் உலகப் போரிலே ராடார்த் திரையின் முன் அமர்ந்திருந்தவனுக்கும் இதே இக்கட்டு இருந்தது. திரையிலே தோன்றும் புள்ளி பகை விமானமா, பறவைக் கூட்டமா? எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை ஒலித்தால் நகரம் உறங்காது. ஒலிக்காதிருந்தால் குண்டு விழும். இதிலே இரு வேறு திறங்கள் உள்ளன என அறிஞர் பிற்காலத்தில் வகுத்துக் காட்டினர். புள்ளியையும் புள்ளியையும் பிரித்தறியும் கூர்மை ஒன்று. ஐயம் எழும்போது எப்பக்கம் சாய்வது என்ற மனப்போக்கு மற்றொன்று. 2016ஆம் ஆண்டில் கன்ஃபீல்ட், ஃபிஷொஃப், டேவிஸ் ஆகிய ஆய்வாளர்கள் இம்முறையைத் தூண்டிற் கடிதங்களுக்குப் பொருத்தினர். 'இக்கடிதம் பொய்யா?' என்று வினாவுவதும், 'இக்கடிதத்தை வைத்து நீர் என்ன செய்வீர்?' என்று வினாவுவதும் வேறு வேறு என அவர்கள் கொண்டனர். விளைவு பெரிதென உணர்ந்தவர் கடிதத்தை எளிதில் மெய்யெனக் கொள்ளவில்லை. தம் தீர்ப்பில் உறுதி மிகுந்தவரோ மெய்யெனக் கொள்ளும் பக்கம் சாய்ந்தனர்.

என் கருத்திலே, நடைமுறை வாழ்வுக்கு இந்த இரண்டாம் வினாவே பெரும் பயன் தருவது. கடிதம் மெய்யா பொய்யா என்ற வழக்கைத் தீர்க்க நம்மிடம் போதிய சான்று பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால், அது நம்மிடம் எதைக் கேட்கின்றது என்பது எப்போதும் வெளிப்படை. கடவுச்சொல்லையோ, பணத்தையோ, வங்கிக் கணக்கு மாற்றத்தையோ, ஒரு கோப்பைத் திறப்பதையோ கேட்குமாயின், கடிதத்தின் முகம் எத்துணை அழகியதாயினும், அது காட்டும் வழியை விடுத்து, நாமே முன்னர் அறிந்த வேறு வழியாற் செல்லுதல் வேண்டும். வங்கி எழுதியதாயின் வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். வலயக் கல்வி அலுவலகம் எழுதியதாயின், பதிவேட்டிலுள்ள இலக்கத்தில் அவ்வலுவலகத்தோடு பேசலாம். கடிதத்திலே தரப்பட்ட இலக்கத்தை அழைத்து, 'இக்கடிதம் உங்களுடையதா?' எனக் கேட்பது, கள்வனிடமே நற்சான்றுப் பத்திரம் கேட்பதாகும்.

இவ்வேறுபாட்டின் அருமையை 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆந் திகதி நிகழ்ந்த ஒன்று காட்டுகின்றது. ஹிலரி கிளின்ரனின் தேர்தற் பணிக்குத் தலைவராயிருந்த ஜோன் பொடெஸ்ராவுக்கு, கூகிள் நிறுவனத்தின் பெயரால் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உம் கடவுச்சொல்லை எவரோ அறிந்துவிட்டார்; உடனே மாற்றுக' என்றது அது. அவரது அலுவலர்கள் அதை அப்படியே நம்பிவிடவில்லை. கணினி உதவியாளர் ஒருவரிடம் கருத்துக் கேட்டனர். அவரோ, இது முறையான கடிதம், கடவுச்சொல்லை உடனே மாற்றவேண்டும் என்று பதில் எழுதினார். முறையற்றது என எழுத நினைத்த இடத்தில் தவறி முறையானது என எழுதியதாக அவர் பின்னர் பத்திரிகைக்குக் கூறினார். உலகம் இந்தச் சொற்பிழையைப் பற்றியே பேசிற்று. ஆனால், அவர் அதே பதிலிலே கூகிளின் மெய்யான முகவரியையும் கொடுத்திருந்தார். அதன் வழியே சென்றிருந்தால், கடிதம் மெய்யாயினும் பொய்யாயினும் கேடு நேர்ந்திராது. அழுத்தப்பட்டது பழைய கடிதத்திலிருந்த இணைப்பே. அவ்வாண்டின் பிற்பகுதியில் அவருடைய பல்லாயிரக்கணக்கான கடிதங்கள் பகிரங்கமாயின.

இனி, அகப்பட்டவரை நாம் நடத்தும் முறை பற்றியும் கூறவேண்டும். இப்போது பெரிய நிறுவனங்கள் தம் ஊழியருக்குத் தாமே பொய்க்கடிதம் அனுப்பி, யார் அழுத்தினார் எனக் கணக்கெடுக்கின்றன. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், 'கோ டடி' என்ற அமெரிக்க இணைய நிறுவனம், பண்டிகைக் கால நன்கொடையாக 650 டொலர் வழங்கப்படும் எனத் தன் ஊழியருக்கு எழுதி, விபரங்களை நிரப்புமாறு கேட்டது. கொள்ளைநோயால் உலகமே நலிந்திருந்த ஆண்டு அது. ஏறத்தாழ 500 பேர் நிரப்பினர். அவர்களுக்குக் கிடைத்தது நன்கொடையன்று. நீர் சோதனையில் தவறிவிட்டீர், மீண்டும் பயிற்சி பெறுக என்ற அறிவித்தல். கண்டனம் எழுந்தபின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இச்சோதனை எதனை அளந்தது? வருட இறுதியிலே தம் நிறுவனம் தமக்கு ஏதேனும் தரக்கூடும் என ஊழியர் எண்ணினார்கள் என்பதை அளந்தது. கடிதத்தின் கடுமையை அளவிடாது அழுத்தியவரின் தொகையை மட்டும் எண்ணுவது, வினாத்தாளைப் பாராது மாணவரைத் தேறாதவர் எனக் கூறுவதற்கு ஒப்பாகும். முப்பது ஆண்டுகளாக வினாத்தாள்களோடு பழகிய எனக்கு இது எளிதிற் புரிகின்றது.

இங்ஙனம் வெட்கப்படுத்தப்பட்டவர் மறுமுறை என்ன செய்வார்? மறைப்பார். தூண்டிற் கடிதத்தின் கேடு அழுத்திய கணத்திலே முற்றுப்பெறுவதில்லை. பங்களாதேஷ் வங்கியிலே அது பழுக்க ஓராண்டு சென்றது. அந்த இடைக்காலமே காப்பதற்குரிய காலம். அதைத் திறந்து தருபவர், 'நான் ஒன்றை அழுத்திவிட்டேன், ஐயமாயிருக்கின்றது' என்று வந்து சொல்பவர் மாத்திரமே.

எம் பாடசாலை அலுவலகத்தின் சுவரிலே இது தொடர்பாக ஒரே ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டுள்ளது. ஐயத்துக்குரிய கடிதத்தைத் திறந்தவர் உடனே அறிவித்தால், அவரிடம் விளக்கக் கடிதம் கோரப்படமாட்டாது என்பதே அது. அதனை முதலிற் பயன்படுத்தியவர் எமது மூத்த இலிகிதர். ஆசிரியர் இடமாற்றப் பட்டியல் என்ற தலைப்போடு வந்த கோப்பு ஒன்றைத் திறந்துவிட்டு, எழுந்து நேரே என் அறைக்கு வந்தார். கணினியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆசிரியர் அறைக்கு ஆளனுப்பினோம். அங்கே ஆசிரியர்கள் இருவர் தம் கைத்தொலைபேசியில் வந்திருந்த அதே கடிதத்தை, தத்தம் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும் ஆவலோடு திறக்கப்போகும் தறுவாயில் இருந்தனர்.